ஜன்னலோரப் பெஞ்சு

சோறு வடித்த கஞ்சியில் முக்கிக் காயவைத்த காக்கித் துணிக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. விறைத்துப்போன கால்சட்டையைத் தணல் போட்ட பித்தளைச் செம்பால் அம்மா தேய்க்கும்போது அந்த வாசனை வீடு முழுக்க எழும். நாங்கள் குடிக்க வேண்டிய கஞ்சி அது. என் அண்ணன் செல்வராசு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன் என்பதால் அவனுடைய கால்சட்டைக்குப் போயிற்று.

மயிலாடுதுறைக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா மிராசுதாரின் வயலில் கூலிக்கு அறுப்பவர், சங்கத்தில் செங்கொடி பிடிப்பவர். கோட்டையில் ஆட்சி மாறிய புதிது. மிராசுதாரும் கதரைக் கழற்றிவிட்டுக் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறியிருந்தார், எங்கள் கூலியைத்தான் மாற்ற மனம் வரவில்லை. ஊருக்குள் அவர் தம் தகப்பனார் பெயரில் நடத்திய உயர்நிலைப்பள்ளி ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது சர்க்கார் பள்ளி, எல்லார் வாயிலும் அது "போர்டு ஸ்கூல்". அங்கே பாதி வகுப்புகளுக்குப் பெஞ்சு கிடையாது.

"அவங்க புள்ள பக்கத்துல நம்ம புள்ள உக்காந்து படிக்கணும். அதுக்குத்தான கொடி புடிச்சோம்" என்றார் அப்பா.

"போர்டு ஸ்கூல்ல தரையில உக்காந்தாலும் அது சர்க்காரு எடங்க. எந்திரிடான்னு எவனும் சொல்ல முடியாது" என்றாள் அம்மா.

அப்பா சொன்னதுதான் நடந்தது. பெண்பிள்ளைக்குப் போதும் என்று என்னைப் போர்டு ஸ்கூலில் சேர்த்தார்கள். அண்ணனுக்கு மிராசுதார் மகன் பக்கத்திலேயே ஜன்னலோரப் பெஞ்சில் இடம் கிடைத்தது. அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருடம், தை அறுவடையின்போது கூலி உயர்வு கேட்டு எங்கள் தெரு முழுக்க வேலைக்குப் போகவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். மறுநாள் மிராசுதார் பள்ளியில் படித்த எங்கள் தெருப் பையன்களை வகுப்பிலிருந்து எழுப்பி வெளியே நிறுத்தினார் தலைமையாசிரியர். "ஒங்கப்பன் வயல்ல எறங்குனதும் நீங்க கிளாசுக்கு வாங்கடா" என்றார், ஏதோ சலுகை தருவதைப் போல.

பரீட்சை நெருங்கிவிட்டது, இனி வேறு பள்ளிக்கு மாற்ற வழியில்லை. மற்ற வீட்டார் பையன்களைத் திரும்ப அனுப்பவில்லை. அப்பா மட்டும் கதிர் அருவாளை எடுத்துக்கொண்டு அறுப்புக்குப் போனார். அன்று முதல் எங்கள் வீட்டு அடுப்புக்குத் தெருவில் ஒருவரும் நெருப்புக்கூடத் தரவில்லை.

அண்ணனை வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே பள்ளியை ஒட்டியே மிராசுதாரின் வயல். வெளியூர் ஆட்களுக்கு நடுவே அப்பா குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். "அது ஒங்கப்பாதான?" என்று மிராசுதார் மகன் கேட்டிருக்கிறான். அண்ணன் இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

அந்த வாரத்தோடு அவன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். அப்பா கெஞ்சினார், அடித்தார், பிறகு அழுதார். பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கப் போனவன், அப்பா செத்தபோதுதான் வீட்டுக்கு வந்தான். போர்டு ஸ்கூல் தரையில் உட்கார்ந்து படித்த நான் நர்ஸாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அப்பா மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

போன மாதம், இப்போது எங்கள் ஊரில் குடியிருக்கும் அண்ணன் மகன் தன் பெண்ணைச் சேர்க்கப் பள்ளி தேடினான். போர்டு ஸ்கூலில் இப்போது பெஞ்சு இருக்கிறது, பிள்ளைகள்தான் இல்லை. மிராசுதார் பள்ளி இங்கிலீஷ் மீடியமாகி மஞ்சள் வேன் விடுகிறது. என்னை யாரும் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. மிராசுதார் பள்ளியில் சேர்க்கலாமா என்று அவன் தன் அப்பாவைத்தான் கேட்டான்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இன்னும் வயல் இருக்கா?" என்றான் அண்ணன்.

"இல்லப்பா. எல்லாத்தையும் மனை போட்டு வித்துட்டாங்க."

"அப்ப சேத்துடு" என்றான் அண்ணன்.