நாற்பதில் வந்த வண்டி

மனிதக் கையால் ஒரு பொருளை ஓரளவு வேகத்துக்கு மேல் எறியவே முடியாது என்று என் மாமா சொன்னார். எங்கள் வீட்டில் வயிறு நிறைய அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னார். அவர் தன் வாழ்நாளில் எதையும் எறிந்ததாக எனக்கு நினைவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட அம்மாதான் எடுப்பாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. என்ஜினீயரிங் முடித்தவர். தொண்ணூறுகளின் நடுவில், சூலூர்ப் பக்கத்தில், எங்கள் சொந்தத்தில் அது பெரிய விஷயம். மாடு வாங்குவதென்றாலும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதென்றாலும் அப்பா அவரை ஒரு வார்த்தை கேட்பார். அந்த வருடம் என்னைப் பற்றியும் கேட்டார்.

அண்ணனுக்கு உடம்பு தேற வேண்டும் என்று சத்து பானம் வாங்கினார்கள். பெரிய பாட்டிலோடு மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பறக்கும் தட்டு இலவசம். பானம் முழுவதையும் அவன் குடித்தான். தட்டையும் அவனிடமே கொடுத்தார்கள். அவன் எறிந்தால் அது நாலடி தள்ளிக் குப்புற விழும். நான் எறிந்தால் கத்தரிக்காட்டைத் தாண்டிப் போகும். வெறும் பால் குடித்து வளர்ந்த கைதான் என்னுடையது. சத்து பானம் குடித்த கை என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் நான் அதை எறிந்ததை விளையாட்டு டீச்சர் பார்த்துவிட்டு, நிஜமான வட்டைக் கையில் கொடுத்தார். கொஞ்ச நாளில் பெரிய வகுப்பு அக்காக்களைவிடத் தூரம் எறிந்தேன். ஈரோட்டில் வட்டெறியும் போட்டி, ஒரு இரவு தங்க வேண்டும், கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். அம்மா காபி கொடுத்தாள். அப்பா, “நீங்களே ஊடு தேடி வந்து கேக்கறப்ப என்னங்க சொல்றது? மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க” என்றார்.

அதற்குத்தான் மாமா கட்டிலில் சாய்ந்தபடி அந்தத் தீர்ப்பைச் சொன்னார்.

“எதுக்குங்க மச்சான்? எலும்பு, தசை எல்லாத்துக்கும் ஒரு லிமிட் இருக்குதுங்க. ஆம்பளைக்கே அப்படின்னா பொட்டப்புள்ளைக்கு எங்க போறது? அங்க போயித் தோத்துப்போட்டு வந்து அழுகும்.”

“நீங்க எறிஞ்சு பாத்திருக்கீங்களா மாமா?” என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து, “வாயைப் பாரு” என்று அதட்டினாள். மாமாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வாசலில் அவருடைய புது மோட்டார் சைக்கிள் பளபளவென்று நின்றிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏனம்மணி, என்ற வண்டியோட பந்தயம் உடறயா? நாப்பதுல வாரேன். உன்ற தட்டு என்னைய முந்துச்சுன்னா ஈரோட்டுக்குப் போ. முந்தலீன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

அப்பா உடனே தலையாட்டினார். தலைச்சுமையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

பஞ்சாலையின் நீளமான மதிலை ஒட்டி ஒரு நேர் ரோடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு கரண்ட் கம்பத்தடியில் நானும் அப்பாவும் நின்றோம். அடுத்த கம்பத்தடியில் அண்ணன் நின்றான். மாமா தூரத்திலிருந்து வண்டியை ஓட்டி வருவார். முன்சக்கரம் எங்கள் கம்பத்தைத் தொடும்போது நான் எறிய வேண்டும். அண்ணனை முதலில் தாண்டுவது எது என்பதுதான் பந்தயம்.

முதல் தடவை சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கை மேலே போய்விட்டது. தட்டு சீறிக்கொண்டு கிளம்பி, ஆகாயத்துக்கு ஏறி, அங்கேயே சோம்பலாக மிதந்தது. வண்டி அதற்குக் கீழே புகுந்து அண்ணனைத் தாண்டிப் போனது. “பாத்தியா கண்ணு?” என்றார் மாமா. “இன்னொரு தரம்” என்றேன்.

இரண்டாவது தடவை உடம்பை முறுக்கித் தாழ்வாக எறிந்தேன். மாமாவின் முழங்காலை ஒட்டிப் போன தட்டு, வண்டிக்கு முன்னால் பாய்ந்து அண்ணனையும் தாண்டி விழுந்தது. அவனுக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் பொய் சொல்லத் தெரியாதவன். “தட்டுதான்! தட்டுதான் மொதல்ல!” என்று குதித்தான்.

மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

“சின்னப்புள்ள, பாவம்னு கடைசில சித்தெ பிரேக்கைப் புடிச்சேன் மச்சான். ஆசைப்படுது, போயிட்டு வரட்டும் உடுங்க.”

“மாமனுக்கு மனசு பெருசு. தேங்க்ஸ் சொல்லு கண்ணு” என்றார் அப்பா.

ஈரோடு கைக்கு வந்துவிட்டது. நான் அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டும். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். எறிந்தது நான், ஜெயித்தது நான். அதை வாங்கி, தன் பையில் போட்டுக்கொண்டு, பிச்சையாக எனக்கே திருப்பிக் கொடுத்தார் அந்த மனிதர். இதையெல்லாம் சொல்ல அன்று எனக்கு வார்த்தை இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

“நீங்க பிரேக் புடிக்கலே. புடிச்சிருந்தா பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சிருக்கும். நான் பின்னாடிதான நின்னேன்?”

“கம்முனு இரு கண்ணு. அதான் போகச் சொல்லிட்டாங்கல்ல?” என்றார் அப்பா.

“வேண்டாங்கப்பா. பிரேக் புடிக்காம இன்னொரு தரம் வரட்டும்.”

மாமாவின் சிரிப்பு போய்விட்டது. “தோத்துட்டா?”

“தோத்தா போகலே.”

மாமா இந்த முறை மதில் முடியும் இடம் வரைக்கும் பின்னால் போனார். வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தம் வந்தது. முதல் இரண்டு தடவையும் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்த வண்டி, இப்போது அலறிக்கொண்டு வந்தது. சக்கரம் கம்பத்தைத் தொட்டது. நான் எறிந்தேன். அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் அப்படி எறிந்ததில்லை. தோளுக்குள் ஏதோ நெட்டி முறிந்தது போலச் சத்தம் கேட்டது. வண்டி கிளப்பிய காற்றில் என் பாவாடை படபடத்தது. தட்டு அண்ணனை எட்டும்போது வண்டி எங்கேயோ போயிருந்தது.

“நாப்பது! கரெக்டா நாப்பது!” என்று தூரத்திலிருந்து மாமா கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நின்ற வண்டியில் வேகம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

“இன்னொரு தரம் வாங்க மாமா” என்றேன்.

“போதும் அம்மணி. மனுசக் கைக்கு அவ்வளவுதான்.”

ஈரோட்டுக்கு வேறொரு பெண் போனாள். நான் அழவில்லை. அந்த மஞ்சள் தட்டு வெடித்துப் போகும் வரைக்கும் தினமும் எறிந்தேன். அதற்குப் பிறகு டப்பா மூடிகளை எறிந்தேன். அந்த மாதிரித் தட்டை நெடுஞ்சாலையில் ஓடும் காரைவிட வேகமாக எறிகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கைக்கும் ஒரு எல்லை இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அதை எறிந்து பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். கட்டிலில் சாய்ந்திருக்கும் ஆளைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

மாமாமீது எனக்கு இப்போது பெரிய கோபம் இல்லை. அவர் அப்படித்தான். அப்பாவை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. அப்பா மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். கிணற்று மேட்டில் நின்றபடியே, உள்ளே ஓடும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டு எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த மனிதர், அந்த வண்டி அலறிக்கொண்டு வந்தபோது, என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அன்று எனக்கு அது உறைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது என் தோள்மேல் அவர் கை இருந்தது. அது கனமாக இருந்தது. நான் தோற்றுவிட்ட வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“மாமா நாப்பதுலதானங்கப்பா வந்தாரு?” என்று கேட்டேன்.

அப்பா மதிலைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நடந்தார்.

“ஆமாங் கண்ணு.”

சரி, நாற்பதுதானே, அதைத் தாண்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.