தீப்பொறி தராத உருக்கு

ஹெர்மனின் துப்பாக்கியைக் கெடுத்தவன் நான். இத்தனை வருடங்களாக இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், பழைய காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைக் கையால் செய்துவந்தவர் அவர். அகதியாக வந்த எனக்கு எண்பத்தாறில் தம் பட்டறையில் வேலை தந்தார். சக்கிமுக்கிக் கல், உருக்குத் தகட்டில் உரசித் தீப்பொறி பறந்தால்தான் வெடிமருந்து பற்றும். கல்லை விடுவிக்கும் விசையை, வாங்குபவரின் விரல் பலத்துக்கேற்ப அரத்தால் தேய்த்து இணக்குவது என் வேலை. தகட்டைக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து இறுக்கும் தோய்ச்சல் மட்டும் அவர் வேலை. சூட்டின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

எங்களுக்கு மகள் பிறந்தாள்.

“எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் வெடி தீர்த்து வரவேற்போம்,” என்றார் ஹெர்மன். நாங்கள் பிள்ளைக்குத் துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாளுக்கென்று தம் சொந்தத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்தார். பிள்ளையில்லாத மனிதர்... எப்படி வேண்டாம் என்பேன்?

என் மனைவியோ, பக்கத்து வீட்டுக் கதவு அடித்துச் சாத்தினாலே பிள்ளையை அணைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிடுவாள். ஷெல் விழுந்த ஊரிலிருந்து அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

“வெடி வேண்டாமெண்டு நான் அவரிட்டைச் சொல்லுறன்,” என்றேன்.

“இஞ்சாருங்கோ, சொல்லாதேங்கோ. அந்த மனுசன் எவ்வளவு ஆசையா நிக்குது. ஒரு வெடிதானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டிடுவன்.”

சொல்லிக்கொண்டே பிள்ளையின் காதைக் கையால் பொத்தினாள்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் ஹெர்மன் துப்பாக்கியைச் சோதித்தபோது பொறி நன்றாகவே பறந்தது. அவர் மதியம் சாப்பிடப் போனதும் தகட்டைக் கழற்றினேன். மறுபடி சூடேற்றி மெல்ல ஆறவிட்டேன். உருக்கின் இறுக்கம் போயிற்று; இனி அதில் பொறி பறக்காது. நிறம் மாறிய இடத்தைத் தேய்த்து மினுக்கிப் பூட்டினேன். என் கையால் அவ்வளவு சுத்தமான வேலை வேறெதுவும் நடந்ததில்லை!

மறுநாள் அயலவர் கூடி நிற்க, எங்கள் வாசலில் மூன்று முறை விசையை இழுத்தார். கல்லை மாற்றி மறுபடி இழுத்தார். ‘டக்’ என்ற சத்தம் மட்டுமே வந்தது. மனைவி நீளமாக மூச்சு விட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்றும் அதையே செய்வேனா? செய்வேன் என்றுதான் தோன்றுகிறது... அதுதான் என்னை உறுத்துகிறது.

பட்டறைக்குத் திரும்பியதும் ஹெர்மன் தகட்டை அரத்தால் தொட்டுப் பார்த்தார். இறுகிய உருக்கில் வழுக்க வேண்டிய அரம் கடித்தது.

“என் தோய்ச்சலில் மேல்தோல் மட்டும்தான் இறுகியிருக்கிறது; அதுவும் தேய்ந்துவிட்டது. சூட்டின் நிறம் இனி என் கண்ணுக்குப் பிடிபடாது. தோய்ச்சலையும் நீயே பார்த்துக்கொள்.”

அதன்பின் அவர் உலையருகே வரவேயில்லை. சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஆயிரம் நாட்கள் இருந்தன. வேலை போய்விடும் என்று பயந்தேன். பிறகு, அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் இறந்தும் போனார்.

துப்பாக்கி வெடிக்காத அன்று பட்டறையில் அவர் என் தோளைத் தொட்டார்.

“உன் பிள்ளைக்கு ஒரு வெடிகூடத் தீர்க்க முடியவில்லை. என்னை மன்னித்துக்கொள்.”

பரவாயில்லை என்றேன். நான்... அவரை மன்னித்தேன்!