பாக்தாத் பூதத்தின் வயிற்று வலி

தாதரில், நாலு மாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் உஜாகர் சிங் விழுந்துகொண்டிருக்கிறார். தரையில் மெத்தை, மெத்தைமேல் பழைய பஞ்சு ரஜாய்ப் போர்வை, அதன்மேல் இருநூற்றைம்பது ராத்தல் உடம்பு. காலையில் இருபது தடவை. கீழ் வீட்டுச் சகுபாய் உலக்கையால் மேல்தளத்தை இடிப்பாள்.

"அண்ணே, மீன் குழம்புல காரை கொட்டுது!"

"இன்னும் மூணே மூணும்மா! சத்தம் பத்தலை!" என்று தரையில் கிடந்தபடியே பதில் சொல்வார்.

சத்தம்தான் அவர் தொழில். எட்டணா கேலரிவரை கேட்க வேண்டும். எலும்பும் முறியக் கூடாது. எந்தச் சுற்றில் யார் விழுவது என்று குஸ்தி கான்ட்ராக்டர் ஹோமிஜி சேட் மத்தியானமே சொல்லிவிடுவார். உஜாகரிடம் சுற்றை மட்டும் சொன்னால் போதும். யார் என்பது ஏழு வருஷமாக மாறவில்லை.

"ஜெயிக்க எவன் வேணா வருவான். தோக்க ஆள் கிடைக்குமா? பம்பாய்க்காரனுக்கு என் மூஞ்சி தெரியாது, உள்ளங்கால் நல்லாத் தெரியும்" என்று லஸ்ஸி குடித்த மீசையோடு சிரிப்பார்.

மூஞ்சி தெரியாததற்குக் காரணம், சுவரொட்டியில் அவர் 'பாக்தாத் பூதம்'. கறுப்பு முகமூடிக்குள் தாடியையும் உச்சிக் கொண்டையையும் திணிப்பதில் உச்சந்தலை மேடாகப் புடைத்து நிற்கும். "ரெண்டு மாடி மூளைன்னு சுவரொட்டியில சேட் அச்சடிச்சுட்டாரு. மேல் மாடி காலிதான், வாடகைக்கு விடலாம்" என்பார்.

இந்தக் கேலியெல்லாம் பம்பாயோடு சரி. பஞ்சாபில் ஜக்ராவுன் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் மனைவி பசந்த் கௌருக்கு எழுதிய கடிதங்களில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. போன மாதம் அவள் நெய் டின்னோடு ரயிலேறி வந்துவிட்டாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே, உங்க குஸ்தியைப் பார்க்கணும்."

உஜாகர் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வயித்து வலி. நான் இன்னிக்கு இறங்கலை, வைத்தியர்கிட்ட போறேன். நீ சகுபாயோட போய் மத்தவங்க சண்டையைப் பாரு."

அன்று மாலை உறுமிக்கொண்டே கயிற்றைத் தாண்டிய பாக்தாத் பூதம், குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டது. பத்து வயதிலிருந்து குஸ்திப் பயிற்சிக் களமான அகாராவின் மண்ணைத் தொட்டுப் பழகிய கை, முகமூடியை எங்கே நினைத்துப் பார்த்தது! கேலரி கொல்லென்று சிரித்தது.

"டேய், பாக்தாத்லயும் மண்ணைத் தொட்டுக் கும்பிடறாங்கடா!"

சகுபாய்கூட விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது வரிசையில் பசந்த் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் பூதத்துக்குக் கை கால் ஓடவில்லை.

நாலாம் சுற்றில் எதிராளி பண்டரிநாத் அவரைத் தூக்கி எறிந்தான். பதற்றத்தில் கணக்குத் தப்பி, இடது தோள் முதலில் இறங்கியது. சத்தமென்னவோ பிரமாதம். நடுவர் எண்ணி முடிக்கும்வரை உஜாகர் மல்லாந்து கிடந்தார். தோற்பது அவருக்குப் புதிதல்ல. அவள் பார்க்கத் தோற்பதுதான் புதிது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்தபோது பசந்த் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"குஸ்தி எப்படி இருந்துச்சு?" என்றார், எங்கோ பார்த்தபடி.

"அந்த அராபியன் பாவங்க. நல்லா வாங்கிக்கிட்டான்."

"நான் மட்டும் இறங்கியிருந்தா அவனை…"

"தூள் பண்ணியிருப்பீங்க." அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வயித்து வலி எப்படி இருக்கு?"

"இப்போ தேவலை" என்றார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

பசந்த் கடுகெண்ணெயைச் சூடாக்கி எடுத்து வந்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். பிறகு வயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவருடைய இடது தோளில் எண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.