இங்கே கூர் வேண்டும்

அத்திபெலேயில் எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டர் மாட்ட வேண்டிய ஆணியில் ஒரு பிளைவுட் துண்டு தொங்குகிறது. என்னைவிட உயரம். ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் வளைவு. வருகிறவர்களில் சிலர் பாதி மீன் என்பார்கள், சிலர் பாதி வாழையிலை என்பார்கள். உண்மையில் அது ஓர் அலைப்பலகையின் பாதி வடிவம். நுரைக்கட்டையின் மேல் வைத்து ஒரு பக்கம் கோடு இழுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கமும் இழுத்தால் முழுப் பலகை வந்துவிடும். அதன் வால் பகுதியில் சிவப்பு மார்க்கரில், என் கோணல் எழுத்தில், ‘இங்கே கூர் வேண்டும்’ என்று இருக்கிறது. அந்த மூன்று சொல்லை எழுதுவதற்கு எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவமும் ஒரு பெரிய அசட்டுத்தனமும் தேவைப்பட்டன.

பொம்மசந்திராவில் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை எனக்கு. தண்ணீர்த் தொட்டி, பஸ் இருக்கை, பூங்காவில் பிள்ளைகள் சறுக்கும் பலகை எல்லாம் செய்கிறோம். முதல் மாதிரியைச் செய்பவன் நான் என்பதால் எல்லோருக்கும் நான் மேஸ்திரி. அதைச் சரிபார்ப்பவர் குவாலிட்டி மேடம். விவேக் நகரில் அம்மாவோடு இருப்பவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மார்க்கர், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பொருளின் ஓரம் முழுக்கக் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். விரல் தடையில்லாமல் ஓடினால் பச்சை டிக். எங்காவது முனை குத்தினால் சிவப்பில் ஒரு பெரிய ‘R’, ரிஜெக்ட் என்று அர்த்தம். என் பிழைப்பில் மண்ணைப் போடவே விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ‘R’ விழுந்த நாளில் அவரிடம் பேசமாட்டேன், அவ்வளவுதான். மாதத்தில் பத்து நாளாவது பேசாமல் இருந்திருப்பேன்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மதியம் என் மேசைக்கு வந்து, கைபேசியில் ஒரு அலையின் படத்தைக் காட்டினார். நாற்பது வயதில் கடலுக்குப் போய் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டார் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய வருடம் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு வந்ததும் தெரியும். முறித்தது இந்த அலைதான் என்பது அன்றுதான் தெரிந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், கடலுக்குள் கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் எழும் அலை. ஒரு வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியிருக்கிறார். இந்த வருடமும் அதே அலையில் எலும்பு முறிந்தால் கடல் பக்கமே போகக் கூடாது. “வாடகை போர்டெல்லாம் தட்டையா இருக்கு மேஸ்திரி. அதுல இந்த அலைக்குப் போனா திரும்பவும் உடையும். எனக்குன்னு ஒண்ணு பண்ணித் தர்றீங்களா?” என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் வேலை இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். சிவப்பு மார்க்கர்காரி என்னிடம் வந்து கேட்கிறாரே என்ற கர்வத்தில் சம்மதித்துவிட்டேன்.

முதலில் நான் வரைந்துகொடுத்தது எட்டடி நீளம், நல்ல அகலம், தடிமனும் தாராளம். பெரிதாக இருந்தால் பத்திரம் என்பது கடலில் கணுக்கால் வரை மட்டும் நனைத்தவனின் ஞானம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், நான் வரைபடமே போட்டுவிட்டேன். மேடம் சிரிக்காமல் சாப்பாட்டுத் தட்டை எடுத்துச் சாய்த்துப் பிடித்து விளக்கினார். மெதுவாகச் சரிந்து வரும் அலைக்கு நீளமான தட்டைப் பலகை போதும். இந்த அலை அப்படியல்ல. ஆழத்திலிருந்து வந்து திடீரென்று மணல் மேட்டில் ஏறுவதால் சுவராக நிமிர்ந்து, உச்சி முன்னால் வந்து கவிழும், உள்ளே குகைபோல் வெற்றிடம் விழும். தட்டைப் பலகை அந்தச் செங்குத்தில் இறங்கும்போது மூக்கு தண்ணீரில் குத்தும், ஆள் அதற்கு முன்னால் போய் விழுவார். அதனால் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், வால் ஒடுங்க வேண்டும். வாலின் அடி ஓரம் கூராக இருக்க வேண்டும், அதுதான் தண்ணீர்ச் சுவரைக் கடித்துப் பிடிக்கும். ஓரம் மழுங்கியிருந்தால் பலகை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வளைவு கூடினால் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போகும், அதன்மேல் படுத்துக் கையையே துடுப்பாக்கி வலிக்கக் கஷ்டம். அலை நிமிர்வதற்கு முன்பே வலித்து வேகம் பிடித்தாக வேண்டும். முறிந்த தோளில் அவருக்கு அந்தப் பலம் இல்லை. வளைவு வேண்டும், வளைவு கூடாது. இரண்டு வாரம் இதிலேயே போனது. கடைசியில் விடை என்னிடமிருந்துதான் வந்தது, அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வளைவை மூக்கிலும் வாலிலும் மட்டும் வைத்துக்கொண்டு, நடுவைத் தட்டையாக விட்டு, படுத்து வலிக்கும்போது நெஞ்சு அழுந்தும் இடத்தில் தடிமனைக் கூட்டினேன். நீளம் அவர் உயரத்தைவிட ஒரு முழத்துக்கும் குறைவாகத்தான் கூடுதல். மேடம் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவு நாளா இந்த மூளையை எங்க வெச்சிருந்தீங்க?” என்றார்.

ஐந்து சனிக்கிழமை பிற்பகல்களில் பலகை உருவானது. நுரைக்கட்டையை அறுத்து, இழைத்து, ஃபைபர் துணி சுற்றி, ரெசின் பூசி, உப்புத்தாளால் தேய்த்து முடித்தேன். திங்கள்கிழமை மொத்தப் பட்டறையும் கூடி நிற்க மேடம் ஓரம் முழுக்கக் கட்டைவிரலை ஓட்டினார். எங்கும் தடை இல்லை. வாலில் பச்சை டிக் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரக் கடைசியில் பட்டறை டெம்போ புதுச்சேரிக்கு இருக்கைகள் கொண்டுபோனது. அதிலேயே பலகையை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மேடமின் அம்மாவும் ஜெபமாலையோடு வந்துவிட்டார். “விழுந்தா நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா ஒண்ணும் ஆகலைன்னு பொய் சொல்லிடுவா” என்றார். கன்னடக்கார ஓட்டுநர் பலகையைத் தட்டிப் பார்த்து, “ஏனு மேஸ்திரி, தோணியா?” என்று கேட்டார். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை, கடற்கரையில் பலகையைக் கவிழ்த்து வைத்து மேடம் பலகையின் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டிருந்தார். அலை இடியிடிப்பதுபோல் விழுந்துகொண்டிருந்தது. சாய்ந்த வெயில் வாலின் ஓரத்தில் படுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று குனிந்து உற்றுப் பார்த்தேன். ஓரம் உருண்டையாக மின்னியது. கூராக விட வேண்டிய இடத்தை நான் மழுக்கியிருந்தேன். ஃபைபர் துணி கூரான மூலையில் மடங்காது, தூக்கிக்கொள்ளும் என்பதால் எந்த ஓரத்தையும் உருட்டிவிடுவது எங்கள் தொழிலில் ஆதிபாடம். மனசு கூர் கூர் என்று நினைத்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது. கூர் வேண்டும் என்று தட்டைச் சாய்த்து எனக்குப் பாடம் எடுத்தவரும், கட்டைவிரல் வழுவழுவென்று ஓடிய சுகத்தில் டிக் போட்டுவிட்டார்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். வழுக்கினால் அவர் பழக்கக் குறைவு என்று போகும். பட்டறை முழுக்கக் கைதட்டிய பொருள். பிறகு தொட்டில் கட்டிய அந்தக் கை நினைவுக்கு வந்தது. அவர் பையிலிருந்த சிவப்பு மார்க்கரை எடுத்து, பச்சை டிக்கின் மேலேயே பெரிதாக ‘R’ போட்டேன். என் பொருளுக்கு நானே போட்ட முதல் ‘R’ அது.

“என்ன மேஸ்திரி இது?”

“ரிஜெக்ட் மேடம். ஓரத்தைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. சற்றுக் கழித்து அப்படியே மணலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “டிக் போட்டவ நான்தானே” என்றார். எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் அவர் அம்மா ஜெபமாலையை இன்னும் வேகமாக உருட்டினார்.

கைவசம் கொஞ்சம் ரெசினும் டேப்பும் கொண்டுபோயிருந்தேன். மழுங்கிய ஓரத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, டேப்பைக் குட்டிச் சுவராக எழுப்பி, உள்ளே ரெசின் ஊற்றினேன். வெயிலில் இறுகியதும் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினேன். ஆறு மணி நேரம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கை தானாக உருட்டப் பார்த்தது, அதைத் தடுப்பதுதான் பெரிய வேலை. அதற்குள் காற்று மாறி அலை கெட்டுவிட்டது. டெம்போ திங்கள்கிழமைதான் திரும்பும் என்பதால் இன்னும் ஒரு காலை மிச்சமிருந்தது.

திங்கள் காலை மூன்று அலைகளை விட்டுவிட்டு நாலாவதற்கு மேடம் வலித்தார். தோள் நோக வலிப்பது கரையிலிருந்தே தெரிந்தது. அலை நிமிர்வதற்கு முன்பே பலகைக்கு வேகம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். மூக்கு குத்தவில்லை. செங்குத்தில் குறுக்காக ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனார், மேலே உச்சி கவிழ்ந்தது, ஆளைக் காணோம். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. வால் ஓரத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் நுரைக்குள்ளிருந்து மேடம் நின்றபடியே வெளியே வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் கையை விட்டுவிட்டு, “இன்னொரு தடவ போவாளா?” என்று கேட்டார்.

போனார், ஒவ்வொரு வருடமும் போகிறார். விழுகிறார், ஆனால் இதுவரை எதுவும் முறியவில்லை. அவர் அம்மா இப்போது வியாழன்தோறும் நல்ல அலைக்காகவும் மெழுகுவத்தி ஏற்றுகிறாராம். நான் ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, பலகைக்குக் கோடு இழுத்த பிளைவுட் துண்டின் வாலில் அந்த மூன்று சொல்லை எழுதியதுதான். பட்டறையில் மட்டும் எதுவும் மாறவில்லை. போன வாரம் நான் செய்த பஸ் இருக்கையின் ஓரத்தில் விரலை ஓட்டியவர், சட்டென்று கையை உதறிக்கொண்டு சிவப்பில் ‘R’ போட்டார். “மேஸ்திரி, இது பஸ்ஸுக்குப் போகுது, கடலுக்கு இல்ல” என்றார். பழைய பழக்கத்துக்கு அன்று அவரோடு பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தொங்கும் பாதிப் பலகையின் வாலில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு எழுத்து இருக்கும் இடத்தில் விரல் தானாக நின்றது.