ஹாரனுக்கு ஓர் ஒப்படைப்புத் தாள்

சின்னவள் ஐந்து வருடமாக இருபத்தேழாம் எண் பேருந்தை ஓட்டுகிறாள். ஆஸ்பத்திரி வாசல், மீன் சந்தை, மூன்று பள்ளிக்கூடங்கள் என்று போகும் அந்தத் தடம், கடைசியில் குன்றின் மேல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். பன்னிரண்டு மீட்டர் வண்டியைப் பின்னால் எடுக்காமல் அங்கே ஒரே மூச்சில் திருப்பக்கூடியவர்கள் பணிமனையில் நான்கு பேர்தான். அதில் மூன்று பேருக்கு மீசை உண்டு.

பிரசவ விடுப்பு முடியும்போது அவள் பையனுக்கு ஏழு மாதம். அவனை ஒருநாள் பணிமனைக்குத் தூக்கிப் போயிருந்தாள். அங்கே அவன் அழுத அழுகையைக் கேட்டு, ஹாரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுவே வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. பகலில் ஹாரன் அப்படியொரு சமர்த்து. இரவில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை விழிப்பான். பால் குடித்தால்தான் அடங்குவான்.

சிக்கல் அங்கேதான். வண்டி எடுக்கும் முன் ஒவ்வோர் ஓட்டுநரும், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறுக்குக் குறைந்தால் சாவி கிடைக்காது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஏழு என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சின்னவளுக்கு அது வராது. விடுப்பு முடிந்ததும் இரண்டு வாரம் மறுபயிற்சி வகுப்பு. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை அவளால் வண்டி எடுக்க முடியாவிட்டால், தடம், இப்போது அவளுக்குப் பதிலாக ஓட்டும் தற்காலிக ஓட்டுநருக்கே நிரந்தரமாகப் போய்விடும். அவள் டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டியதுதான்.

"கண்ணாடிக்குப் பின்னாடி உட்காரணும்னா, அது ஓடுற கண்ணாடியா இருக்கணும்" என்றாள்.

வகுப்பு நாட்களில் ஹாரன் மூன்று கை மாறினான். பதினொரு மணி வரை அவன் அப்பா. வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர். காலையில் அவருக்கு அழைப்பு குறைவு. பதினொன்றிலிருந்து மூன்று வரை பெரியவள், அதாவது சின்னவளின் அக்கா. கீழ்வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். மூன்றிலிருந்து ஆறு வரை மாமனார், ஓய்வுபெற்ற தபால்காரர்.

எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்த மூன்று பேரும், வயிறு நிறைந்தால் பிள்ளை தூங்கும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஆளாளுக்கு மசிக்கத் தொடங்கினார்கள். பூசணி, கேரட், உருளைக்கிழங்கு என்று மசிக்க முடிந்ததையெல்லாம் மசித்தார்கள். சின்னவளும் சளைத்தவளில்லை. ஆறு மணிக்கு வந்ததும் ஒரு கிண்ணம் நிறைய ஊட்டிவிட்டுத்தான் பால் கொடுத்தாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவளுக்கு அதில் ஒரு திருப்தி. இவ்வளவு நிறைந்த வயிறு விடியும்வரை தாங்காதா என்ன?

தாங்கவில்லை. முதல் வாரம் முடிவதற்குள் ஒன்றரை மணி, ஒரு மணியாகச் சுருங்கியது. வகுப்பில் பிரேக் பாடம் நடக்கும்போது சின்னவள் தலை மேசையில் முட்டியது.

சனிக்கிழமை எடை பார்க்கப் போனபோது, பகலில் எத்தனை தடவை பால் குடிக்கிறான் என்று செவிலியர் கேட்டார். சின்னவள் அந்தக் கணக்கை வைத்திருக்கவேயில்லை. எப்போதோ குடித்துக்கொண்டுதானே இருப்பான் என்று நினைத்திருந்தாள்.

செவிலியர் சிரித்தார். "ஒரு வயசு வரைக்கும் பால்தாம்மா முக்கியம். கெட்டியா எதையாவது வச்சு வயித்த அடைச்சுட்டா பாலுக்கு இடம் ஏது? பகல்ல விட்டதை ராத்திரி கேட்டு வாங்கிக்குவான்."

அதற்காக மசித்த உணவை நிறுத்தவும் கூடாது, அதுவும் வளர்ச்சிக்கு வேண்டும் என்றார். தூங்கி எழுந்ததும் பால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து உணவு. அவன் வாயை மூடினால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் விடியும்வரை தூங்குவான் என்று வாக்கும் தரவில்லை. இந்த வயதில் ராத்திரி ஒரு தடவை எழுவது சகஜம் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அன்று மாலையே சின்னவள் ஒரு தாளில் கட்டம் போட்டாள். பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை விட்டு இறங்குகிற ஓட்டுநர், ஏறுகிறவருக்கு ஒப்படைப்புத் தாள் எழுதித் தர வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'எல்லாம் சரி' என்று எழுதுவது குற்றம். அதே தாள்தான் இப்போது ஹாரனுக்கும் வந்தது. நேரம், பால், உணவு, உறக்கம் என்று நான்கு கட்டம்.

திங்களும் செவ்வாயும் தாள் கை மாறியது. கணவர் எழுதியிருந்தார்: 'காலை 8.10. பால் 150 மில்லி. கசிவு இல்லை. கழிவுநீர் வெளியேற்றம் சீர்.' பெரியவள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பூசணி மூன்று கரண்டி, இரண்டேகாலுக்கு உறக்கம் என்று அழகாக எழுதியிருந்தாள். மாமனார் எழுத்து கோணல்: 'மாலை 4.00. பால் 30தான் போயிற்று. பெறுநர் ஏற்க மறுப்பு.'

மறுநாளும் அதே நாலு மணிக்கு அதே மறுப்பு. மூன்று மணிக்குமுன் எழுந்த பிள்ளைக்கு நாலு மணிக்குப் பசியில்லை என்றால், நடுவில் யாரோ எங்கேயோ இடித்துவிட்டுத் தாளில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். சின்னவள் தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கணவரும் மாமனாரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள்.

"அக்கா, ரெண்டேகாலுக்குத் தூங்கினான்னு போட்டிருக்க. எழுந்ததும் என்ன குடுத்த?"

பெரியவள் தையல் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானாள். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"சும்மா ஒரு வாழைப்பழம்."

"சும்மாவா?"

"ஒண்ணுதான்டி. கூட கொஞ்சம் உருளைக்கிழங்கு." பெரியவள் நூலை விட்டுவிட்டாள். "திங்கக்கிழமை நெருங்குதேன்னு பயம். அவன் வயிறு நெறைஞ்சா உன்னை எழுப்பமாட்டான்னு நினைச்சேன். எழுதினா திட்டுவியேன்னு எழுதல."

சின்னவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வருவதற்குள் கணவர் தொண்டையைக் கனைத்தார். ஒன்பதரை மணிக்குத் தானும் இரண்டு கரண்டி கேரட் கொடுப்பதாகவும், அது உணவில் சேராது என்று நினைத்ததாகவும் சொன்னார்.

"நான் ஒண்ணும் குடுக்கலம்மா" என்றார் மாமனார். "ஒரு பிஸ்கட்டைத் தவிர."

"நான் என்ன யோக்கியமா மாமா? தாள் போட்ட பிறகும் சாயங்காலம் கிண்ணத்தைத்தான் முதல்ல நீட்டுறேன்." சின்னவள் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். "ஆளுக்கொரு பக்கமா ஊட்டி, பிள்ளைக்குப் பால் குடிக்க நேரமே விடலையே நாம."

புதன்கிழமை முதல் தாளில் ஒளிவுமறைவு இல்லை. எழுந்ததும் பால். உணவு மூன்றே வேளை, அதுவும் பாலுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. மாலையில் சின்னவள் முதலில் பால் கொடுத்து, பிறகு சின்னக் கிண்ணத்தில் உணவு கொடுத்து, படுக்கும்முன் மறுபடி பால் கொடுத்தாள். அன்று நாலு மணிக்கு மாமனார் எழுதினார்: 'பால் 140. பெறுநர் கையொப்பம் என் சட்டையில்.'

ஆனால் அன்றிரவு எந்த மாற்றமும் இல்லை. வியாழன் இரவு இன்னும் மோசம். காலையில் பார்த்தால் கீழ் ஈறில் ஒரு பல் எட்டிப் பார்த்தது. டிக்கெட் கவுண்டர் நாற்காலிக்கு மெத்தை தைத்துத் தரட்டுமா என்று பெரியவள் கேலி செய்தாள். கேட்ட பிறகு அவள் கண்தான் கலங்கியது. சின்னவள் தாளில் அடுத்த கோட்டைப் போட்டாள். வெள்ளி இரவு இரண்டு தடவை. சனி இரவு ஒரே தடவை. அது தற்செயலா, நிஜமா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

ஞாயிறு இரவு எட்டு மணிக்குச் சின்னவள் படுத்தாள். ஹாரன் பன்னிரண்டு ஐம்பதுக்கு எழுந்து, வயிறாரக் குடித்து, ஒன்று இருபதுக்கெல்லாம் தூங்கிப்போனான். மூன்றே முக்காலுக்கு அலாரம்தான் அவளை எழுப்பியது, பையன் இல்லை.

பணிமனையில் படிவத்தை வாங்கிய மேற்பார்வையாளர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏழேகாலா? இது எல்லாரும் எழுதுற ஏழா, நிஜ ஏழா?"

"நிஜம் சார். நடுவுல ஒரு ஸ்டாப்."

அவர் அவள் கண்களைப் பார்த்தார். பிறகு சாவியைத் தள்ளினார்.

தற்காலிக ஓட்டுநர் ஆறடி ஆள். இருக்கையை அவர் தள்ளியிருந்த தூரத்தில் சின்னவள் கால் பிரேக்கையே எட்டவில்லை. இருக்கையை முன்னுக்கு இழுத்து, உயரம் மாற்றி, மூன்று கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டுக் கிளம்பியபோது இரண்டு நிமிடம் தாமதம். ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய கேன்டீன்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு நிமிஷம் லேட்டும்மா."

ஏழரை மாதமாக அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. சின்னவளுக்கு முகமெல்லாம் பல்.

"ஏறுங்கண்ணே. நாளைக்கு டயத்துக்கு வந்திடுவேன்" என்று கதவை மூடி, கியரைப் போட்டாள்.