கடைசி இரண்டு பெயர்கள்

எங்கள் திருச்சபையில் செயலரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு சபையும் பிரதிநிதியை அனுப்பும். அவர்கள் கூடி ஓட்டுப் போடுவார்கள். இராஜாக்கமங்கலம் பக்கமுள்ள எங்கள் சின்னச் சபை போன முறை என்னை அனுப்பியது. வீட்டில் முதலில் படித்தவன் நான். திருச்சபையின் சட்டப் புத்தகத்தை வாசித்து விளக்கியவனும் நான்தான். இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று பிரதிநிதியை எந்த விதியும் கட்டுப்படுத்தாது என்றேன். அப்படியானால் நீயே வாக்குக் கொடு என்றார்கள். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருக்குப் போடுவதாக எல்லார் முன்பும் வாக்குக் கொடுத்தேன். திருச்சபைப் பள்ளிகளில் வேலை கொடுப்பவர் செயலர்தான்; அதற்குக் காசு கேட்டுக் கைநீட்ட மாட்டாத மனிதர் அவர்.

தேர்தலன்று காலை, மறுபடி போட்டியிட்ட பழைய செயலரின் ஆளான ஒரு கண்டிராக்டர் எங்கள் பகுதிப் பிரதிநிதிகளைத் தன் வீட்டுக்கு அழைத்தார். முதலில் ஜெபம். பிறகு புட்டும் கடலையும். பிறகு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு.

"செயலருக்கு எல்லாரும் ஒரே பேருதான். அதே ஓட்டுச்சீட்டுல செயற்குழுவுக்கு நாலு பேருல்லா? அதுல கடைசி ரெண்டு பேரு ஆளாளுக்கு வேற. ஒனக்க சோடி வேற எவனுக்கும் கெடையாது மக்கா. எண்ணுற மேசையில நம்ம ஆளு உண்டு. அந்தச் சோடி வரல்லன்னாலும், சோடிக்கு மேல செயலரு பேரு மாறியிருந்தாலும் ஒன்னப் பிடிச்சிருவோம்."

"போன தடவ பைபிளத் தொட்டுச் சத்தியம் வாங்கினானுவ. அதுக்கு இது கொள்ளாம், பாவமாவது இல்ல," என்றார் புட்டை மென்றபடி ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ரகசிய ஓட்டுன்னு சட்டத்தில இருக்கே, அண்ணாச்சி," என்றேன் கண்டிராக்டரிடம்.

"சட்டம் படிச்ச பயலாக்கும்! ஒனக்க அக்கா நம்ம பள்ளிக்கூடத்தில தற்காலிகமாத்தானே நிக்கா? வாற மாசம் செயலரு கையெழுத்துப் போடணும்லா?"

துண்டுச்சீட்டில் எழுதியிருந்தபடியே ஓட்டுப் போட்டேன். கடைசி இரண்டு பெயரும் சரிதானா என்று, பரீட்சைத் தாளைப்போல மறுபடி பார்த்தேன்.

ஆசிரியர் தோற்றார். "நீ என்ன செய்வ, ஒத்த ஓட்டுதானே" என்று சபையார் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். தலையாட்டினேன்.

அக்காவுக்கு வேலை நீட்டிப்பு வந்தது. அன்றைக்கே அவள் கேட்டாள்: "அந்தக் கண்டிராக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஒனக்க தம்பி சொன்னா கேக்குற பயன்னு சொல்லிட்டுப் போறான். என்னலே செஞ்ச?"

சொன்னேன்.

"எனக்க பேரச் சொல்லியா போட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? வாற ஞாயிறு நீ எழும்பிச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று அக்கா பெண்கள் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். எல்லாரும் அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

வெளியே செருப்பை மாட்டும்போது, என்னைப் பிரதிநிதியாக அனுப்பச் சொல்லி அன்று முதலில் கைதூக்கியவர் என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

"செஞ்சது செஞ்சாச்சு, மக்கா. அந்தக் கண்டிராக்டருக்கு ஒன்ன இப்பம் நல்லாத் தெரியும்லா? எனக்க மவளும் படிச்சிட்டுச் சும்மாத்தான் இருக்கா. ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்."