வங்கிக்கு நாங்களும் முதலாளிகள்

எங்கள் ஊரில் ஒரு வங்கி இருந்தது. ஊர் என்றால், டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் வருகிற சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு பேக்கரி, ஒரு வங்கி. அந்த வங்கி செத்துப் பல வருடங்களாகிவிட்டன. அது இருந்த கட்டடத்தில் இப்போது பெண்களுக்கு நகம் அழகு பண்ணுகிறார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். காரில் தனியாக இருந்தால் வாய்விட்டே திட்டுவேன்.

வருடத்துக்கு ஒருமுறை, குளிர் விடத் தொடங்கும் காலத்தில், அந்த வங்கி தன் பங்குதாரர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கும். ஊர் விளையாட்டு மண்டபத்தில் கோல் கம்பங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நீள நீளமாக மேசைகள் போடுவார்கள். முதலில் வங்கித் தலைவர் மேடையேறி லாபக் கணக்கு வாசிப்பார். அதை ஒருவரும் கேட்பதில்லை. எல்லோருடைய மூக்கும் சமையலறைப் பக்கம் திரும்பியிருக்கும். பிறகு பொரித்த பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைக்கோவா, பியர், கடைசியில் அக்கோர்டியன் வாசிக்க இரண்டு கிழவர்கள்.

அந்தக் கூட்டத்தில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். அம்மா கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பட்டுச்சேலை உடுத்தி, அதற்கு மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருவார். அப்பா பன்றி தொடமாட்டார். உருளைக்கிழங்கையும் கோவாவையும் தின்றுவிட்டு, கதிரையில் சாய்ந்து மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"இந்த பாங்குக்கு நாங்களும் முதலாளியள்தான், தெரியுமோ?" என்பார் என்னிடம்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் போய் அப்படியே சொன்னேன். என் வகுப்பில் பாதிப் பேரின் தகப்பன்மாரும் அதே வங்கிக்கு முதலாளிகள் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அப்பாவைப் போலக் கதவு செய்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பலகை தூக்கிவிட்டு வரும் ஒரு மனிதனை முதலாளி என்று நம்பவைக்க, அவிந்த உருளைக்கிழங்கு ஒரு கோப்பை போதும்.

அப்பா இந்த வலையில் விழுந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. டென்மார்க்குக்கு வந்த புதிதில் அவர் நம் ஆட்களோடு ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறார். மாதாமாதம் எல்லோரும் காசு போட, முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுப்பதுதான் சீட்டு. அப்பாவின் முறை வருவதற்குள் சீட்டுப் பிடித்தவர் எல்லாக் காசையும் சுருட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார். அன்றோடு அப்பாவுக்கு நம் ஆட்கள் மேல் நம்பிக்கை போயிற்று. போன நம்பிக்கையை அவர் பத்திரமாக எடுத்துப்போய், வெள்ளைக்காரர் மேல் வைத்தார்.

அம்மா தையல்காரி. ஹேர்னிங்கில் ஒரு தொழிற்சாலையில் வருடக்கணக்காகத் தைத்தார். தையல் வேலையெல்லாம் கூலி குறைந்த நாடுகளுக்குப் போய், தொழிற்சாலையும் பூட்டப்பட்ட பிறகு, முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் மனம் முழுக்க ஒரு கடையில்தான் இருந்தது. பேக்கரிக்குப் பக்கத்தில், முன்பு காலணி விற்ற ஒரு பழைய சப்பாத்துக் கடை பூட்டிக் கிடந்தது. பாண் வாங்கப் போகும்போதெல்லாம் அம்மா அதன் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்ப்பார். தையல் மெஷினை எங்கே வைப்பது, கண்ணாடிக்குப் பின்னால் எதைத் தொங்கவிடுவது என்றெல்லாம் என்னிடம் சொல்வார். டெனிஷ்காரருக்குக் காற்சட்டை கட்டையாக்கிக் கொடுக்கலாம், நம் ஆட்களுக்குச் சேலைச் சட்டை தைக்கலாம். அதற்காக அம்மா சம்பளத்தில் மிச்சம் பிடித்துக்கொண்டே இருந்தார். குளிர்காலச் சப்பாத்துக்கூட அவர் தனக்குப் புதிதாக வாங்கியதில்லை.

ஹேர்னிங்கில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் சீட்டுப் பிடித்தார். அம்மா சேரட்டோ என்று கேட்டபோது அப்பா பாய்ந்து விழுந்தார்.

"சீட்டோ? உமக்கு விசரே? பாங்கிலை பங்கு வாங்குவம். அவங்கள் பொய் சொல்லமாட்டாங்கள்."

அந்தச் சீட்டு இன்றைக்கும் நடக்கிறது. அதில் சேர்ந்த பெண்கள் எல்லோரும் தங்கள் முறைக்குக் காசு எடுத்தார்கள், ஒரு சதம் குறையாமல். எனக்கு வயிறு எரிகிற இடங்களில் இதுவும் ஒன்று.

அப்பாவின் நம்பிக்கைக்கு ஒரு முகமும் இருந்தது. வங்கியில் எங்கள் கணக்கைப் பார்த்தவரை நாங்கள் வங்கி மாமா என்றுதான் சொல்வோம். சிவந்த கன்னங்களும் எப்போதும் சிரிப்புமாக இருக்கும் ஓர் உயரமான டெனிஷ்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து, இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக் கையால் தின்பார். காரம் ஏறி மூக்கு ஒழுகினாலும் இன்னொரு முறை போடச் சொல்லிக் கோப்பையை நீட்டுவார். அம்மா அவரிடம் சப்பாத்துக் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் நல்ல யோசனை என்று தலையாட்டினார், காசு சும்மா கணக்கில் கிடப்பதைவிட வங்கியின் பங்கில் கிடந்தால் கெதியாக வளரும் என்றார். அம்மாவின் கடைக் காசு முழுவதும் அப்படித்தான் பங்காக மாறியது. பகிடி என்னவென்றால், அந்தக் காசு வெறுமனே கணக்கில் கிடந்திருந்தால் அரசாங்க உத்தரவாதத்தில் அப்படியே தப்பியிருக்கும்.

உலகத்தில் பெரிய பெரிய வங்கிகளெல்லாம் தள்ளாடிய காலம் அது. எங்கள் ஊர் வங்கிக்கு என்ன வரப்போகிறது, அது விவசாயிகளுக்கும் பேக்கரிக்கும்தானே கடன் கொடுக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அது உண்மையில் எங்கள் ஊர்க் காசைக் கொண்டுபோய், கொப்பன்ஹேகனில் கட்டடம் வாங்கி விற்கும் கனவான்களிடம் கொட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வழக்கம்போலப் பூட்டினார்கள். சனி ஞாயிறில் வங்கி செத்தது. திங்கட்கிழமை இன்னொரு வங்கியின் ஆட்கள் அதே கதவைத் திறந்து, அதே மேசைகளில் இருந்து எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார்கள். பங்குகளின் பெறுமதி சுழியம். அம்மா அன்றைக்கும் வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது பேக்கரிப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு வந்தார்.

சில வாரம் கழித்து, பங்குதாரருக்கு விளக்கம் சொல்கிறோம் என்று அதே விளையாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை பன்றி இல்லை. கோப்பியும் கேக்கும். ஊரையே மொட்டையடித்துவிட்டுக் கேக் வெட்டி வைத்திருந்தார்கள்! அதையும் எல்லோரும் எடுத்துச் சாப்பிட்டார்கள். மேடையில் பழைய தலைவர், கொப்பன்ஹேகனிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணி, ஓரத்தில் வங்கி மாமா. ஊரவர்கள் ஒவ்வொருவராகக் கையுயர்த்தி, மெல்லிய குரலில் கேள்வி கேட்டு, பதிலுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார்கள். வாழ்நாள் சேமிப்பை இழந்த ஒரு கிழவர்கூட நன்றி என்று சொல்லித்தான் உட்கார்ந்தார். கோபப்படுவதை இவர்கள் பள்ளிக்கூடத்திலேயே மறக்கடித்துவிடுகிறார்களோ என்று இப்போதும் நினைப்பேன்.

அப்போது அம்மா எழுந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், முதியோர் இல்லத்து நீலச் சட்டையோடு. கையை உயர்த்தவில்லை. அம்மாவுக்கு டெனிஷ் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்த டெனிஷ் வேலைத்தல டெனிஷ். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், உங்களுக்குக் கால் நோகிறதா என்பவை அதில் இருந்தன. ஒருவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்க அந்த மொழியில் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆகவே தமிழில் கேட்டார். வங்கி மாமாவைப் பார்த்து, விரலை நீட்டி, மண்டபம் அதிரக் கேட்டார்.

"என்ரை வீட்டிலை வந்து என்ரை கையாலை திண்டனீ! அது கடைக்கு வைச்ச காசெண்டு உனக்குச் சொன்னனானெல்லோ? தெரிஞ்சுதானே வாங்கினனீ? பாங்க் விழப்போகுதெண்டு தெரியாட்டில் நீ ஏன் அந்தக் கதிரையிலை இருந்தனீ? தெரிஞ்சிருந்தால் நீ ஒரு மனிசனோ? என்ரை கடை எங்கை? சொல்லு, எங்கை?"

அந்த மண்டபத்தில் யாரோ ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியை என் அம்மா கேட்டுவிட்டார். எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மெதுவாக எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, டெனிஷில் மொழிபெயர்த்தார்.

"என் மனைவி கவலையாக இருக்கிறார். இத்தனை வருடமும் நல்லபடியாக நடத்தியதற்கு நன்றி சொல்கிறார்."

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி நெஞ்சில் கைவைத்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மேடையில் தலைவர் குனிந்து நன்றி சொன்னார். நன்றி! அம்மா அந்தத் தலையாட்டலையெல்லாம் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். அப்பாவின் வேகமான டெனிஷில் நன்றி என்ற சொல் மட்டும்தான் அவருக்குப் பிடிபட்டிருக்கும், அங்கே எல்லோரும் கேள்வியை நன்றியோடுதானே முடித்தார்கள். தன் கேள்வி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அந்த மண்டபத்தில் இரண்டு மொழியும் தெரிந்து, நடந்தது என்னவென்று புரிந்தவர்கள் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா அப்படிச் சொல்லவில்லை என்று கத்த நான் எழுந்தேன். அப்பா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினார். அவர் என்மேல் அப்படிக் கைவைத்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைக்காரருக்கு இப்படிப் பயந்து சாகிறாரே என்று எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்போது வங்கி மாமா எங்கள் மேசைக்கு வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்க விரும்பாமல் தள்ளிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஜாக்கெட் போட்டார். அவர் அப்பாவிடம் குனிந்து, இந்தப் பகுதி ஆட்களுக்கே உரிய விதத்தில் பாதிச் சொல்லை விழுங்கி, தணிந்த குரலில் சொன்னார். கடன் அப்படியே தொடரும், அது புது வங்கிக்கு மாறுகிறது, மற்றபடி மாற்றமில்லை என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"என்னவாம்?" என்றார் அம்மா, திரும்பாமலே.

"மன்னிப்புக் கேக்கிறார்" என்றார் அப்பா.

அது என்ன கடன் என்று அப்பா எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். வங்கி விழுவதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் வங்கி மாமா அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். வங்கி புதிய பங்குகள் விற்கிறது, ஊர் வங்கியை ஊரவர்தானே தாங்க வேண்டும் என்றிருக்கிறார். கையில் காசில்லை என்று அப்பா சொன்னதற்கு, அதற்கென்ன, நாங்களே தருகிறோம் என்றாராம். அப்படியே வங்கி அப்பாவுக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடன் காசுக்குத் தன் பங்கை அவருக்கே விற்றது. காசு அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வரவேயில்லை. வெளியே வந்தது கடன் மட்டும், அதுவும் அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு. வங்கி எங்களுக்குத் தர வேண்டியது வங்கியோடு செத்தது. நாங்கள் வங்கிக்குத் தர வேண்டியது சாகவில்லை. இதைச் சட்டம் என்கிறார்கள். நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுத முடியாது.

அம்மாவிடம் அப்பா அந்தக் கடனைப் பற்றி மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை. மண்டபத்தில் அவர் பயந்தது வெள்ளைக்காரருக்கு அல்ல. அம்மாவின் கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மேடையிலிருந்து ஒரு பதில் வரும், அந்தப் பதிலில் கடன் வெளியே வந்துவிடும் என்றுதான் பயந்திருக்கிறார். பயந்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அம்மாவின் வாயிலிருந்து அந்தக் கேள்வியைப் பிடுங்கி நன்றியாக மாற்றியதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அம்மாவுக்கு உண்மை தெரியவந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஆனால் அன்று காரில் திரும்பி வரும்போது எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. கடன் என்ற டெனிஷ் சொல் தெரியும். ஒருவர் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். பிழை செய்தவர் வங்கி மாமா, ஆகவே கடன்பட்டவரும் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் காசை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரப்போகிறார், அதைத்தான் குனிந்து சொல்லியிருக்கிறார்.

அம்மா முன்சீட்டில் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சரி, போனது போகட்டும். எல்லாரும் தலையாட்டினவையெல்லோ, அவனுக்கு விளங்கியிருக்கும். கடை இல்லாட்டி இல்லை. நாங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்க வேண்டியதில்லைத்தானே?"

"ஓம்" என்றார் அப்பா.

நான் பின்சீட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தேன். இவ்வளவு நல்ல செய்தியை அப்பா ஏன் அம்மாவிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று யோசித்தேன். கடைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.